புது இசைத்தட்டு வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் ஐயா கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். எண்பதுகளின் கடைசியில் கசெட்டுக்கு மாறியபோது இசைத்தட்டுகளைக் கைவிட்டார். இப்போது மகள் கனடாவிலிருந்து தட்டு வாசிக்கும் டேர்ன்டேபிள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க, ‘180 கிராம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு புதுத் தட்டுகளை வாங்கியிருக்கிறார். ஒன்று ஜாஸ், அருமையாகக் கேட்கிறது. மற்றது பழைய தமிழ்ப் படப் பாட்டுத் தொகுப்பு. அதைவிட வீட்டில் இருக்கும் சீடியே மேல் என்கிறார். இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை. “நல்ல ஒலிப்பதிவு உள்ள புதுத் தட்டுகள் எவை, இப்போது வருவதெல்லாம் கம்பியூட்டரில் இருந்து எடுத்ததுதானாமே, உண்மையா?” என்று கேட்கிறார். கேள்வியின் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது: கடையில் போட்டுக் கேட்க வழியில்லாத ஊரில், காசு கொடுப்பதற்கு முன்பே நல்லது கெட்டதை எப்படி அறிவது? முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பட்டியல் அப்புறம்.

நான் டேப் ஓடிய காலத்தில் ஸ்டூடியோ வேலைக்கு வந்தவன். இப்போது கொழும்பில் டேர்ன்டேபிள்களும் அம்பிளிபயர்களும் பழுது பார்க்கிறேன். ஆகவே ஒலிப்பதிவு, ஊசி, மோட்டர் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தட்டு ‘இனிமை’ என்பது என் காதின் தீர்ப்பு. அறுபது தாண்டிய காதுக்கு மேல் அலைவரிசைகள் குறைவாகத்தான் கேட்கும் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

‘புதுத் தட்டு’ என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் புதிதாக இருப்பது பிளாஸ்டிக் மட்டும்தான். பாட்டு ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னர் பதிவானதாக இருக்கும். ஒரு தட்டு மூன்று கைகள் மாறி வருகிறது. முதலில் மைக்கின் முன்னால் பதிந்தவர். அடுத்தது, அந்த டேப்பை எடுத்து ஒலியைச் சீர்செய்து லாக்கர் பூசிய தட்டில் பள்ளம் வெட்டியவர். இதைத்தான் மாஸ்டரிங், கட்டிங் என்கிறோம். கடைசியில் அதிலிருந்து அச்சு எடுத்து ஆயிரக்கணக்கில் அழுத்தும் தொழிற்சாலை. மூன்றில் ஒன்று சறுக்கினாலும் தட்டு கெட்டது. உங்கள் இரண்டு தட்டுகளும் ஒரே எடை, ஒரே விலையாக இருந்தும் சத்தம் வேறுபட்டதற்குக் காரணம் அநேகமாக முதல் இரண்டு கைகளில்தான் இருக்கும்.

உறையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பேசுவதோ இவற்றைப் பற்றியல்ல. 180 கிராம் என்பது பிளாஸ்டிக்கின் நிறை. தட்டு கனமாக இருப்பதால் சோறு ருசிக்காது. பள்ளத்தின் ஆழமும் அகலமும் 120 கிராமிலும் 180 கிராமிலும் ஒன்றுதான். கனமான தட்டு கொஞ்சம் தட்டையாகக் கிடக்கும், கையில் பிடிக்க நன்றாக இருக்கும், தபால் செலவு கூடும். நிறம் போட்ட தட்டு, படம் அச்சடித்த தட்டு எல்லாம் சுவரில் மாட்டுவதற்குச் சரி. படத்தட்டுகளில் இரைச்சல் பொதுவாகவே கூட. ‘ரீமாஸ்டர்டு’ என்ற சொல்லும் தனியாக ஒன்றும் சொல்வதில்லை. யார் செய்தார், எதிலிருந்து செய்தார் என்று அடுத்த வரியில் எழுதியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. என் அனுபவத்தில் இந்த இரண்டையும் பெயர் சொல்லி எழுதுகிற வெளியீட்டாளர் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. எழுதாமல் விடுபவரிடம் சந்தேகத்தோடுதான் வாங்குவேன்.

சரி, கம்பியூட்டர் விஷயம். பாதி உண்மை. இன்றைக்கு வரும் தட்டுகளில் பெரும்பகுதி டிஜிட்டல் கோப்பிலிருந்துதான் வெட்டப்படுகிறது. ஆனால் இது நீங்கள் இசைத்தட்டைக் கைவிட்ட பிறகு நடந்த அநியாயம் இல்லை. 1979இலேயே ரை கூடர் என்ற கிட்டார் கலைஞரின் ஓர் அல்பம் முழுக்க டிஜிட்டலில் பதிவாகி இசைத்தட்டாக வந்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து பல கட்டிங் அறைகளில், டேப்பில் இருந்து வரும் ஒலியை ஒரு கணம் தாமதப்படுத்த டிஜிட்டல் கருவி வைத்திருந்தார்கள். பள்ளத்தில் ஏறியது அந்தக் கருவி வழியாக வந்த ஒலிதான். நீங்கள் எண்பதுகளில் ரசித்து வாங்கிய தட்டுகளில் சில அப்படி வந்தவையாக இருக்கலாம்.

இதை 2022 ஜூலையில் உலகமே பார்த்தது. மொபைல் பிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு தட்டு நூறு டொலருக்கு மேல் விலை வைத்து, மூல டேப்பிலிருந்து அனலாக்காக, அதாவது எங்கேயும் டிஜிட்டலாக்காமல், நேரடியாக எடுத்தவை என்று வாங்குவோர் நம்பும்படி விற்றுவந்தது. நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருக்கிறது என்று அந்த மாதம் வெளியே வந்துவிட்டது. வழக்குப் போட்டார்கள், பணம் திருப்பிக் கொடுக்கும் சமரசத்தில் முடிந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. விலையுயர்ந்த கருவிகளில் கேட்டு, ‘அனலாக் என்றால் இதுதான்’ என்று வருடக்கணக்காகப் புகழ்ந்தவர்கள் எவருக்கும் காதால் அது பிடிபடவில்லை. நிறுவனம் மறைத்தது தப்பு, அது வேறு கதை. ஆகவே நிச்சயமாகச் சொல்லக்கூடியது: நல்ல டேப்பிலிருந்து உயர்ந்த தரத்தில் டிஜிட்டலாக்கி, தெரிந்த கை வெட்டினால், தட்டு மிக நன்றாக இருக்கும். முழு அனலாக் தட்டில் அதற்கும் மேலே ஏதோ ஒன்று கேட்கிறதா என்பது சர்ச்சைக்குரியது. சில தட்டுகளில் எனக்குக் கேட்பது போல இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டுப் பரீட்சை வைத்தால் பந்தயம் கட்ட மாட்டேன்.

நிச்சயமாகக் கெடுப்பது சீடிக்காக நசுக்கிய ஒலியை அப்படியே தட்டில் ஏற்றுவது. சத்தத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிடுவார்கள். அதைக் காசு கொடுக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் புதுப் பதிப்பு இணையத்தில் கேட்கக் கிடைத்தால் நல்ல ஹெட்போனில் கேளுங்கள். மிருதங்கத்தின் அடி மற்ற வாத்தியங்களுக்கு மேலே எழும்பி நிற்கிறதா, அல்லது எல்லாம் சேர்ந்து ஒரு சுவராக வருகிறதா? சுவராக வந்தால் தட்டிலும் பெரும்பாலும் அதுவே வரும். இணையத்தில் தட்டுகளுக்கு ‘டைனமிக் ரேஞ்ச்’ (மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) எண் போட்டு சீடியைவிடக் கூட என்று காட்டுகிற பட்டியல்களை நம்ப வேண்டாம். சீடிக்கும் தட்டுக்கும் எடுத்த சீர்செய்த ஒலி (மாஸ்டர்) ஒன்றாகவே இருந்தாலும் தட்டிலிருந்து அளந்தால் எண் கூடித்தான் காட்டும். வெட்டும்போதும் வாசிக்கும்போதும் அலையின் வடிவம் மாறுவதால் வருவது அது.

அடுத்தது, உறையின் பின்பக்கத்தைப் பார்த்தே செய்யக்கூடிய ஒரு கணக்கு. ஒரு பக்கத்துப் பாட்டுகளின் நிமிடங்களைக் கூட்டுங்கள். 33⅓ வேகத்தில் ஒரு பக்கம் 20 நிமிடத்துக்குள் இருந்தால் வெட்டியவருக்குத் தாராளமாக இடம் கிடைத்திருக்கும். 25ஐத் தாண்டினால், பள்ளங்களை நெருக்கி வைக்க ஒலி மட்டத்தையும் கீழ் ஸ்தாயியையும் குறைத்திருப்பார், இரைச்சல் மேலே தெரியும். இன்னொரு தொல்லை உள்வட்டம். வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே செக்கனுக்கு 50 சென்டிமீற்றர் பள்ளம் ஓடுகிறது. லேபலுக்குப் பக்கத்தில் 20 சென்டிமீற்றர் சொச்சம்தான். அதே ஒலியை அரைவாசியிலும் குறைந்த இடத்தில் அடக்க வேண்டும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் சீறுவது இதனால்தான். ஒரு மணித்தியாலத்துக்கு மேலான பாட்டுகளை ஒரே தட்டில் திணித்த தொகுப்பு என்றால் நான் தொடவே மாட்டேன். உங்கள் படப்பாட்டுத் தட்டின் பின்பக்கத்தை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

தட்டு கையில் கிடைத்தால் லேபலுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் வெறும் வளையத்தை டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்களும், சிலவற்றில் கையால் கீறிய எழுத்துகளும் இருக்கும். கே.பி.ஜி. என்று இருந்தால் கெவின் கிரே என்ற கட்டிங் நிபுணர் வெட்டியது. பி.ஜி. என்றால் பேர்னி கிரன்ட்மன். பழைய ஜாஸ் தட்டுகளில் ஆர்.வி.ஜி. என்று கண்டால் பதிந்த ரூடி வான் கெல்டரே வெட்டியது, விலை எகிறும். கடையில் உறை பிரிக்க விடாவிட்டால், டிஸ்கொக்ஸ் இணையத்தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் இந்த எழுத்துகளைப் போட்டு, வாங்கியவர்களின் குறையும் நிறையும் எழுதியிருப்பார்கள். ஒரே அல்பத்துக்குப் பத்துப் பதிப்பு இருக்கும். உங்களுக்கு வரப்போகும் பதிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, நானாக இருந்தால் எவற்றை வாங்குவேன் என்று சொல்கிறேன். ஜாஸ் பிடித்திருப்பதால் புளூ நோட் என்ற ஜாஸ் வெளியீட்டு நிறுவனத்தின் ‘டோன் பொயட்’ வரிசை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 2019இல் தொடங்கியது. ஜோ ஹார்லி தெரிவு செய்ய, கெவின் கிரே மூல டேப்பிலிருந்து வெட்டுகிறார். காசு யோசித்தால் அதே நிறுவனத்தின் ‘கிளாசிக் வைனல்’ வரிசை; வெட்டுபவர் அதே கெவின் கிரே, உறை சாதாரணம், விலை குறைவு. இரண்டுக்கும் நடுவே உறையில் தெரியும் வித்தியாசம் ஒலியில் அவ்வளவு தெரியாது என்பது என் எண்ணம். மேற்கத்திய சாஸ்திரிய இசை என்றால் டொய்ச்ச கிரமபோனின் ‘ஒரிஜினல் சோர்ஸ்’ வரிசை. 2023 முதல் வருகிறது. எழுபதுகளின் நான்கு தடப் பதிவுகளை எடுத்து, பேர்லினில் உள்ள எமில் பேர்லினர் ஸ்டூடியோவில் கலந்து நேரே வெட்டுகிறார்கள். இந்தப் பதிவுகளின் பழைய தட்டுகள் வைத்திருந்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தூக்கிவாரிப் போடும்.

நம்மவர் என்ற பற்றோடு ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் வோட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் என்ற சின்ன நிறுவனத்தை நடத்திய கவிச்சந்திரன் அலெக்சாண்டர் இலங்கையில் பிறந்தவர். 1992இல் சாந்தா பார்பராவில் ஒரு தேவாலயத்துக்குள் ரை கூடரையும் மோகன வீணை விஸ்வ மோகன் பட்டையும் உட்கார வைத்துப் பதிந்தார். ஆம், மேலே டிஜிட்டலுக்குச் சொன்ன அதே கூடர்தான். இந்தப் பதிவு நேர் எதிர்: வால்வுக் கருவிகள், அனலாக் டேப், ஒரு சோடி மைக். வாசித்த இருவரும் அன்றைக்குத்தான் முதல்முறை சந்தித்தார்கள், ஒத்திகை கிடையாது. ‘எ மீட்டிங் பை த ரிவர்’ என்று வெளிவந்து கிராமி விருது பெற்றது. அனலாக் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் இதைத் தட்டாகப் போட்டது. மீட்டிய தந்தியின் ஒலி கல்சுவரில் பட்டுத் திரும்பி அடங்கும் வரை கேட்கும்; தபேலா எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டலாம். ஒலிப்பதிவு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் இதைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்த வயலின் கலைஞர் எல். சங்கர் மியூனிக்கின் ஈ.சி.எம். நிறுவனத்துக்கு வாசித்தவையும் இந்தத் தரம். 1981இல் வந்த அவரது கர்நாடக இசைத் தட்டில் உமையாள்புரம் சிவராமனும் ஜாகிர் உசேனும் உடன் வாசித்திருக்கிறார்கள். ஈ.சி.எம்.மின் பழைய ஜேர்மன் தட்டுகளை, தேயாமல் கிடைத்தால், இரண்டாம் கையாகவே வாங்கலாம்.

தமிழ்ப் படப் பாட்டுகளுக்கு வந்தால் கையைக் கொஞ்சம் கட்டிக்கொள்ள வேண்டும். ஐம்பதுகள் அறுபதுகளின் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிந்தவை. வாத்தியக் கோஷ்டி முழுவதும் ஒரு சில மைக்குகளின் முன்னால் வாசித்தது. ஒலி மோசமில்லை, பாடகரின் குரல் முகத்துக்கு நேரே நிற்கும். கெடுவது பிறகு. பழைய பதிவை டிஜிட்டலாக்கி, டேப்பின் பின்னணிச் சீறலை அகற்றுகிறேன் என்று வடிகட்டியை முறுக்கிவிட்டால் சீறலோடு புல்லாங்குழலின் மூச்சும் போய்விடும். தம்புராவின் கார்வை பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். இதற்கு மேலே ‘ஸ்டீரியோ’ என்று செயற்கையாகப் பிரித்திருந்தால் குரல் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. உங்கள் தட்டில் இப்படி ஏதாவது நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். கேட்காமல் அறுதியாகச் சொல்ல முடியாது. எந்த டேப்பிலிருந்து, யார் செய்தார் என்று எழுதாத படப்பாட்டுப் புதுத் தட்டுக்கு இறக்குமதி விலை கொடுப்பதைவிட, கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அழுத்திய பழைய எச்.எம்.வி. தட்டு ஒன்றைத் தேடலாம். அதிலும் ஒரு கண் வேண்டும். ரேடியோகிராமில் கனத்த ஊசி போட்டு உழுத தட்டாக இருந்தால், கழுவினாலும் உரத்த இடங்களில் கிழியும். வெளிச்சத்தில் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்த தட்டை வைத்துவிட்டு வாருங்கள்.

நல்ல வெட்டும் தொழிற்சாலையில் கெடலாம். புதுத் தட்டில் மூன்று குறைகளைப் பாருங்கள். ஒன்று, பிளாஸ்டிக் பள்ளத்தை முழுதாக நிரப்பாமல் விட்டது: அமைதியான இடத்தில், பெரும்பாலும் ஒரு பக்க ஸ்பீக்கரில், துணி கிழியும் சத்தம் வந்து போகும். கழுவிப் போகாது. இரண்டு, நடுத்துளை விலகியது: ஊசிக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் வலமாக ஆடும், நீட்டிப் பிடித்த வீணையோ பியானோவோ தளும்பும். மூன்று, வளைவு, ஊசி தாவாத அளவு சின்ன வளைவைப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் இருந்தால் மாற்றித் தரக் கேட்பது நியாயம். ஆனால் கொழும்பிலிருந்து திருப்பி அனுப்பும் செலவு தட்டின் விலையைத் தொட்டுவிடும். வெளிநாட்டில் வாங்கினால், படம் அனுப்பினால் காசு திருப்பித் தருகிற கடையா என்று முதலே கேட்டுவிடுங்கள்.

உங்கள் டேர்ன்டேபிள் கனடாவிலிருந்து வந்தது என்பதால் ஒரு எச்சரிக்கை. அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. சுவர் அடெப்டரில் ஓடும் புது இயந்திரம் என்றால், அடெப்டர் 230க்குப் பொருந்துமா என்று மட்டும் பார்த்தால் போதும். பழைய ஏ.சி. மோட்டர் பெல்ட் இயந்திரம் என்றால், வோல்டேஜை ட்ரான்ஸ்போமர் வைத்துக் குறைத்தாலும் வேகம் ஆறில் ஐந்தாகிவிடும். பாட்டு மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கி எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் பாடுவார்கள். ஜாஸ் சரியாகக் கேட்கிறது என்பதால் உங்களுடையது தப்பிவிட்டது. யப்பானிலிருந்து வரும் பழைய இயந்திரங்கள் வாங்குபவர்களும் கவனியுங்கள்: அங்கே 100 வோல்ட், நேரே செருகினால் புகைதான்.

ஊசியையும் சும்மா விடாதீர்கள். கூட வந்த ஊசி எத்தனை வருடம் பழையது என்று தெரியாவிட்டால் மாற்றுங்கள். ஓடியோ டெக்னிக்காவின் வி.எம். 95 வரிசையில் கூம்பு ஊசியிலிருந்து மைக்ரோலைன் என்ற மெல்லிய முனை ஊசி வரை ஒரே உடலில் மாற்றிப் போடலாம். ஊசி தட்டை அழுத்தும் பாரம் 2 கிராம். உள்வட்டச் சீறல் தொல்லை கொடுக்கிறதென்றால், இன்னும் பத்துத் தட்டு வாங்கும் காசில் மைக்ரோலைன் ஊசி ஒன்றைப் போடுவதுதான் புத்தி. கையிலிருக்கும் தட்டுகள் எல்லாமே ஒரு படி ஏறும்.

கடைசியாக ஊர்க் காற்று. காலி வீதிக்குக் கடல் பக்கம் குடியிருந்தால் ஈரமும் உப்பும் சொல்ல வேண்டியதில்லை. பூஞ்சணம் பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை, அதில் ஒட்டிய விரல் எண்ணெயையும் தூசியையும் காகித உறையையும்தான் பிடிக்கிறது. காகித உள்ளுறையை எறிந்துவிட்டு பொலித்தீன் உள்வரி வைத்த உறைக்கு மாற்றுங்கள், நிமிர்த்தி வையுங்கள், சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வேண்டாம். புதுத் தட்டையும் ஒருமுறை கழுவிவிட்டுப் போடுங்கள். டிஸ்டில்ட் வோட்டரும் துளி சோப்பும் போதும். கொஞ்சம் ஐசோபுரோபைல் அல்கஹோல் சேர்க்கலாம். ஆனால் பரணில் தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டு ஏதாவது இருந்தால் அதன் பக்கம் அல்கஹோலைக் கொண்டுபோகவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் ஒவ்வொன்றாக எடுக்காமல் நாலைந்தைச் சேர்த்து எடுங்கள். அஞ்சல் செலவு பங்குபோகும். சுங்கத்தில் தீர்வை எவ்வளவு என்பதை, வருடத்துக்கு வருடம் மாறுவதால், காசு கட்டுவதற்கு முன்னர் விசாரித்துவிடுங்கள். மகள் அடுத்த முறை வரும்போது பெட்டியில் இடமிருந்தால் எல்லாவற்றிலும் மலிவு அதுதான். கைப்பெட்டியில், துணிகளுக்கு நடுவே, நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.